புனைகதைகளில் வலிப்பு நோய்: நம்பத் தக்கதும் தகாததும்

வலிப்பு நோய்ச் சிகிச்சைக்காக முதன்முறை மருத்துவமனைக்கு வரும் குடும்பத்தார், நோயைப் பற்றிய ஏதோ ஒரு கருத்தை முன்னரே உடன்கொண்டு வருகின்றனர். “பல் கிட்டிக்கொண்டது, கரண்டியை நுழைத்துத் திறந்தோம்” என்கிறார் ஒரு தந்தை. “பெரியவனானால் முரடனாகிவிடுவானோ?” என்று, பிள்ளையின் காதில் விழாதவாறு வினவுகிறார் ஒரு தாய். “கைப்பேசியைத் தொடவே விடுவதில்லை ஐயா” என்று சற்றுப் பெருமையோடு சொல்கிறார் ஒரு பாட்டனார். இவற்றை எந்த மருத்துவரும் இவர்களுக்குக் கற்பிக்கவில்லை. பார்த்த திரைப்படம், தொலைக்காட்சித் தொடர், எவரோ சொன்ன கதை, விளையாட்டுச் செயலியின் முகப்பில் தோன்றி மறையும் எச்சரிக்கை ஆகியவையே ஆசிரியர்கள். அவ்வாசிரியர்கள் சொன்னவற்றுள் எது மெய், எது பொய் என்பதைச் சில புகழ்பெற்ற படைப்புகளைக் கொண்டு இங்கே காண்போம்.

பெயரிலிருந்தே தொடங்கலாம். ‘காக்காய் வலிப்பு’ என்று நாம் வழங்குவது ‘கால் கை வலிப்பு’ என்பதன் மரூஉ என்பர். பறவைக்கும் நோய்க்கும் யாதொரு தொடர்பும் இல்லை. பழந்தமிழில் இதற்கு ‘முயலகன்’ என்றும் பெயருண்டு. நடராசப் பெருமானின் திருவடியின்கீழ்க் கிடக்கும் குறுகிய உருவத்தின் பெயரும் அதுவே. பன்னிரண்டாம் நூற்றாண்டில் எழுந்த பெரியபுராணத்தில், கொல்லி மழவன் என்னும் தலைவனின் மகளுக்கு இந்நோய் வருகிறது. மருத்துவம் பலவும் பயனளிக்காத நிலையில், தந்தை அவளைத் திருப்பாச்சிலாச்சிராமத்துக் கோயிலுக்குக் கொண்டுவந்து கிடத்துகிறான். அங்கு வந்த திருஞானசம்பந்தர் வினவ, நோயின் பெயரை அவன் மறையாது சொல்கிறான். நோயை மிதிபடும் அசுரனாகக் காட்டிய மரபிலேயே, மகளின் நோயைப் பலர் காணும் இடத்தில் வாய்திறந்து சொன்ன ஒரு தந்தையும் இருக்கிறான். இக்கதையைக் கூறும்போது நாம் அவனை மறந்துவிடுகிறோம்.

மூளையின் நரம்பணுக்கள் ஒருங்கே, அளவுக்கு மீறி மின்துடிப்பை வெளியிடும்போது வலிப்பு நிகழ்கிறது. அது எப்பகுதியில் தொடங்குகிறது என்பதைப் பொறுத்து வெளித்தோற்றம் மாறும். ஒருவர் அலறி விழுந்து கைகால்களை வெட்டி இழுப்பது அதன் ஒரு வடிவமே. சில நொடிகள் வெறித்து நோக்கிவிட்டு மீளும் சிறுமி, சட்டைப் பொத்தானைக் காரணமின்றி நெருடிக்கொண்டிருக்கும் முதியவர், ஒரு கைமட்டும் துடிக்கும் இளைஞர் என்று பிற வடிவங்கள் பல உள. கதாசிரியர்களுக்கும் இயக்குநர்களுக்கும் இவை பெரும்பாலும் பயன்படுவதில்லை. கண்ணுக்குப் புலப்படும் காட்சியே அவர்களுக்கு வேண்டும். இதன் விளைவு வீட்டில் தெரிகிறது. விழுந்து துடிக்காத பிள்ளைக்கு வலிப்பு என்று சொன்னால் பெற்றோர் நம்ப மறுக்கின்றனர். “வகுப்பில் கவனமில்லை” என்று ஆசிரியர் எழுதியனுப்பிய குறிப்புகள் ஓராண்டுக்கு மேல் சேர்ந்த பின்னரே சில பிள்ளைகள் எம்மிடம் வந்து சேர்கின்றனர்.

இந்நோயை உள்ளிருந்து அறிந்து எழுதியவருள் முதன்மையானவர் ருஷ்ய நாவலாசிரியர் ஃபியோதர் தஸ்தயேவ்ஸ்கி (1821–1881). அவருக்கே வலிப்பு நோய் இருந்தது. 1868–69ஆம் ஆண்டுகளில் தொடராக வெளிவந்த அவரது நாவல், ‘அசடன்’ என்ற பெயரில் தமிழிலும் கிடைக்கிறது. அதன் நாயகன் இளவரசன் மிஷ்கின், சுவிட்சர்லாந்தில் வலிப்புக்குச் சிகிச்சை பெற்று நாடு திரும்புபவன், தூய உள்ளத்தினன். வலிப்பு தொடங்குவதற்கு முந்தைய கணத்தில் ஒப்பற்ற பேரின்பமும் தெளிவும் தன்னுள் பெருகுவதாக அவன் உணர்கிறான். அந்த ஒரு கணத்துக்காக வாழ்நாள் முழுவதையும் கொடுக்கலாம் என்றுகூட அவனுக்குத் தோன்றுகிறது.

இது வெறும் கற்பனையன்று. வலிப்புக்கு முன் சிலருக்குத் தோன்றும் உணர்வு, உண்மையில் மூளையின் ஒரு பகுதியில் தொடங்கிவிட்ட வலிப்பே ஆகும். மிஷ்கின் கண்ட இன்ப வடிவமும் மருத்துவ நூல்களில் பதிவாகியுள்ளது. ஆனால் அது மிக அரிது. நாம் அன்றாடம் கேட்பவை வேறு. வயிற்றிலிருந்து ஏதோ மேலெழும்புவது போன்ற உணர்வு, இல்லாத நாற்றம், காரணமில்லாத அச்சம், முன்பே கண்ட காட்சி மீண்டும் நிகழ்வதான மயக்கம் என்றே பெரும்பாலோர் விவரிக்கின்றனர். இதனை இங்கே வற்புறுத்துவதற்கு ஒரு காரணமுண்டு. நோய் மேதைமையின் அடையாளம், மாத்திரை அதனை மழுங்கடித்துவிடும் என்று எண்ணி மருந்தைத் தாமே நிறுத்திவிடும் இளைஞர்கள் உளர். தஸ்தயேவ்ஸ்கி எழுதியது வலிப்பினால் அன்று. வலிப்பு வந்த நாள்களில் அவரால் எழுதவே இயலவில்லை. மருந்து மந்தத்தை உண்டாக்குவதாகத் தோன்றினால் மருத்துவரிடம் சொல்லுங்கள். அளவையோ மருந்தையோ மாற்ற வழியுண்டு. திடீரென நிறுத்துவது, வலிப்பு ஓயாது தொடரும் பேராபத்தில் கொண்டுபோய் விடும்.

அந்நாவலின் வேறொரு காட்சி நம் வீடுகளுக்கு இன்னும் நெருக்கமானது. அக்லாயா என்னும் பெண்ணுக்கு மணமகனாக மிஷ்கினைக் கருதிய அவளது பெற்றோர், உயர்குடி விருந்தினர் முன்னிலையில் அவனை அறிமுகம் செய்கின்றனர். நம்மூரில் மாப்பிள்ளை பார்க்கும் நிகழ்ச்சி என்றே கொள்ளலாம். அங்குள்ள விலையுயர்ந்த சீனச் சாடியை உடைத்துவிடாதே என்று அக்லாயா முன்னதாகவே எச்சரித்திருக்கிறாள். அவன் அதனருகே போகாமல் இருக்க எவ்வளவோ முயல்கிறான். ஆயினும் பேச்சின் வேகத்தில் கைபட்டு அது உடைகிறது. எல்லோரும் பெருந்தன்மையோடு நடந்துகொள்கின்றனர். அவன் மேலும் உணர்ச்சிவயப்பட்டுப் பேசுகிறான். சற்று நேரத்தில் அலறி விழுகிறான். யாரோ விரைந்து அவன் தலைக்கடியில் ஒரு தலையணையை வைக்கின்றனர். சாடி உடைந்ததைப் பொறுத்துக்கொண்ட வீடு, வலிப்பைப் பொறுத்துக்கொள்ளவில்லை. இச்சம்பந்தம் இனி ஆகாது என்ற முடிவுக்குப் பெண்ணின் தாய் வருகிறார்.

இதனைப் படிக்கும்போது நம்மவர் ஒருவரேனும் நினைவுக்கு வருவார். ஜாதகம் மாற்றிக்கொண்ட பின், உறுதி செய்துகொண்ட பின், ஒருநாள் விழுந்ததனால் நின்றுபோன திருமணங்கள் எத்தனையோ. அவ்வச்சத்தால் நோயை மறைத்து மணம் முடித்து, மாமியார் வீட்டில் மாத்திரையை ஒளித்து விழுங்க வழியின்றி நிறுத்திவிட்டு, முதல் மாதத்திலேயே விழுந்து அடிபட்டு வரும் பெண்களை இன்றும் பார்க்கிறோம். இந்தியச் சட்டமே ஒருகாலத்தில் அந்தத் தாயின் பக்கம் நின்றது. இந்துத் திருமணச் சட்டத்தில் 1976ஆம் ஆண்டுத் திருத்தம், அடிக்கடி வலிப்புக்கு ஆளாவோரைத் திருமணத்துக்குத் தகுதியற்றோர் வரிசையில் சேர்த்தது. 1999ஆம் ஆண்டுத் திருத்தம் அச்சொல்லை நீக்கியது. வலிப்பு நோய் உள்ளவர் மணம் புரிவதற்கு இன்று சட்டத் தடை இல்லை. மருத்துவத் தடையும் இல்லை. மறைக்காமல் சொல்லி முடிக்கும் திருமணத்தில் மாத்திரையை ஒளிக்கத் தேவையில்லை. பெண்கள் கருத்தரிக்கத் திட்டமிடும் முன்னரே மருத்துவரைக் காண்பது நன்று. சில மருந்துகள் கருவைப் பாதிக்கக்கூடும். அவற்றை மாற்றுவதற்குக் கால அவகாசம் தேவை.

மிஷ்கினைப் படைத்த அதே கை, பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் ஸ்மெர்த்யாகோவையும் படைத்தது. ‘கரமசோவ் சகோதரர்கள்’ நாவலில் வரும் இந்தச் சமையற்காரனுக்கும் வலிப்பு உண்டு. நிலவறைப் படிக்கட்டில் வலிப்பு வந்து விழுந்தவன்போல் நடித்துப் படுத்துக்கொண்டு, அன்றிரவே எழுந்து எசமானைக் கொலை செய்கிறான். நோயாளி என்பதால் அவன்மீது ஐயம் நிலைக்கவில்லை. பழி வேறொருவன்மேல் விழுகிறது. ஓர் ஆசிரியரே ஒருமுறை புனிதனுக்கும் மறுமுறை கொலைகாரனுக்கும் அந்நோயைக் கொடுத்திருப்பதிலிருந்து வாசகர் ஒன்றை உணரலாம்: ஒருவரது குணத்தைப் பற்றி வலிப்பு எதையும் சொல்வதில்லை. ஆனால் அக்கால அறிவியலோ அப்படிக் கருதவில்லை. இத்தாலியக் குற்றவியலாளர் சேசரே லொம்ப்ரோசோ, பிறவிக் குற்றவாளிக்கும் வலிப்பு நோயாளிக்கும் உறவுண்டு என்றே எழுதினார். அக்கொள்கை எப்போதோ கைவிடப்பட்டது. அதன் நிழல் மட்டும் கதைகளில் நெடுங்காலம் நீடித்தது.

1972ஆம் ஆண்டு மைக்கேல் கிரைட்டன் எழுதிய ‘தி டெர்மினல் மேன்’ நாவல் இதற்குத் தக்க சான்று. விபத்துக்குப் பின் வலிப்பு நோய்க்கு ஆளான ஒருவன், வலிப்பு வரும்போதெல்லாம் பிறரைத் தாக்குகிறான். மூளையில் மின்முனைகளைப் பொருத்தி அவனைக் குணப்படுத்த முயல்கின்றனர். அவனோ மருத்துவமனையிலிருந்து தப்பிக் கொலை செய்கிறான். இரண்டே ஆண்டுகளில் இது திரைப்படமாகவும் வந்தது. மூளைப் பாதிப்புக்கும் வன்முறைக்கும் இடையிலான தொடர்பு, தாம் எழுதியபோது எண்ணியதுபோல் அவ்வளவு தெளிவானதன்று எனக் கிரைட்டனே பின்னர் ஒரு பதிப்பின் பின்னுரையில் ஒப்புக்கொண்டார். அப்பின்னுரையைப் படித்தவர் எத்தனை பேர், படத்தைப் பார்த்தவர் எத்தனை பேர் என்பதை வாசகரே ஊகித்துக்கொள்ளலாம்.

அந்தத் தாயின் வினாவுக்கு விடை இதுதான். வலிப்பின்போது ஒருவர் திட்டமிட்டு இன்னொருவரைத் தேடிச் சென்று தாக்குவது மிக மிக அரிது. ஆனால் வலிப்பு நின்றபின், தெளிவு முழுமையாகத் திரும்பாத சில நிமிடங்களில் அவரை அழுத்திப் பிடித்தால் அவர் திமிறுவார். கை ஓங்கவும் கூடும். அச்சத்தில் இருக்கும் எவரும் அவ்வாறே செய்வர். பிடியை விட்டு, மெல்லிய குரலில் பெயரைச் சொல்லி அழைத்தால் போதும்.

தஸ்தயேவ்ஸ்கியின் வாழ்வில் நிகழ்ந்த ஒன்று அவரது கதைகளைவிட நமக்கு மிகுதியாகப் பயன்படும். 1867இல் அவர் அன்னாவை மணந்தார். அன்னாவுக்கு அப்போது இருபது வயது. மணமான சில நாள்களில், அன்னாவின் தமக்கை வீட்டில் உற்சாகமாகப் பேசிக்கொண்டிருந்த கணவர், சொல் பாதியில் நிற்க, முகம் வெளிறி, பயங்கரமாக அலறிச் சாய்ந்தார். தமக்கை கூச்சலிட்டு அறையைவிட்டு ஓடினார்; அவர் கணவரும் பின்னே ஓடினார். அன்னா, எரியும் விளக்கு வைத்திருந்த நாற்காலியை அப்பால் தள்ளிவிட்டு, கணவரை மெல்லத் தரையில் இறங்கவிட்டார். தாமும் தரையில் அமர்ந்து, துடிப்பு ஓயும்வரை அவர் தலையை மடியில் தாங்கியிருந்தார். இதனை அன்னா தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியுள்ளார். எவரிடமும் பயிற்சி பெறாத அவ்விளம்பெண், செய்ய வேண்டியவற்றுள் பெரும்பகுதியைச் செய்துவிட்டார்: ஆபத்தான பொருளை அகற்றினார், தலையைக் காத்தார், உடனிருந்தார், வாயில் எதையும் திணிக்கவில்லை.

மீதியையும் சொல்லிவிடுவோம். முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். கழுத்தை இறுக்கும் ஆடையைத் தளர்த்துங்கள். துடிப்பு குறைந்ததும் ஒருபக்கமாகச் சாய்த்துப் படுக்க வையுங்கள். எச்சில் வெளியே வடிய வேண்டும். கைகால்களை அழுத்திப் பிடிக்காதீர்கள். முழு நினைவு திரும்பும்வரை தண்ணீரோ மாத்திரையோ வாயில் கொடுக்கலாகாது. கரண்டி பல்லை உடைக்கும், விரல் கடிபடும். கடிபட்ட நாக்கு ஆறிவிடும். உடைந்த பல் மூச்சுக்குழலில் சிக்கினால் உயிருக்கே ஆபத்து. நம் திரைப்படங்களில் பலமுறை கண்ட சாவிக்கொத்து வைத்தியத்துக்கும் பொருளில்லை. பெரும்பாலான வலிப்புகள் இரண்டு மூன்று நிமிடங்களில் தாமே நின்றுவிடும். அந்நேரத்தில் இரும்பைக் கையில் கொடுத்தவருக்குப் பெயர் கிடைத்துவிடுகிறது. ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தாலும், நினைவு திரும்புமுன் அடுத்தது வந்தாலும், நீரில் நேர்ந்தாலும், அடிபட்டிருந்தாலும், கர்ப்பிணியாக இருந்தாலும், வாழ்வில் இதுவே முதல்முறை என்றாலும் 108ஐ அழையுங்கள்.

மருத்துவமனையையே களமாகக் கொண்ட தொடர்கள் இதனைச் சரியாகக் காட்டும் என்று எண்ணத் தோன்றும். ‘கிரேஸ் அனாடமி’, ‘ஹவுஸ்’, ‘இ.ஆர்.’ உள்ளிட்ட நான்கு அமெரிக்கத் தொடர்களின் 327 பகுதிகளைக் கனடா ஆய்வாளர்கள் பார்த்து, 2010இல் முடிவை வெளியிட்டனர். அவற்றில் காட்டப்பட்ட 59 வலிப்புகளுள் ஏறத்தாழப் பாதியில், மருத்துவராகவும் செவிலியராகவும் நடித்தவர்களே அழுத்திப் பிடித்தனர், அல்லது வாயில் எதையோ வைத்தனர். வெள்ளை அங்கி அணிந்தவர் திரையில் செய்ததை வீட்டில் செய்த தந்தையை நாம் கடிந்துகொள்வது எங்ஙனம்?

வலிப்பு நின்றதும் படக்காட்சி முடிந்துவிடும். வீட்டில் அப்போதுதான் மற்றொரு பகுதி தொடங்குகிறது. தஸ்தயேவ்ஸ்கி ஒவ்வொரு வலிப்புக்குப் பின்னும் பல நாள் சோர்ந்து கிடந்தார். பெருங்குற்றம் புரிந்துவிட்டவரைப் போன்ற இனம்புரியாத உணர்வு அவரை வாட்டியது என அவர் நண்பர் ஸ்திராகவ் குறித்துள்ளார். மறதி, உறக்கம், எரிச்சல், அழுகை இவையனைத்தும் நோயின் பகுதியே. “எல்லாம் சரியாகிவிட்டதே, ஏன் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறாய்?” என்று கேட்காதிருப்பதும் ஒருவகைப் பராமரிப்பு.

1878இல் அவர்களது கடைசி மகன் அல்யோஷா, மூன்று வயது நிறையாத நிலையில், பல மணிநேரம் நீடித்த வலிப்பினால் இறந்தான். தன் நோயே பிள்ளையைக் கொன்றது எனத் தந்தை நொந்துபோனார். அடுத்து எழுதிய ‘கரமசோவ் சகோதரர்கள்’ நாவலின் இளைய நாயகனுக்கு அக்குழந்தையின் பெயரையே சூட்டினார். ஐந்து நிமிட எல்லையை நாம் இவ்வளவு வற்புறுத்துவது ஏன் என்பதை அந்த ஒரு நாள் உணர்த்தும். நீடிக்கும் வலிப்பை நிறுத்த அன்று இல்லாத மருந்துகள் இன்று உள்ளன. பெற்றோரின் குற்றவுணர்வைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். சில வகைகளில் பரம்பரைத் தொடர்பு இருப்பினும், வலிப்பு நோயுள்ள தாய்தந்தையரின் பிள்ளைகளுள் மிகப் பெரும்பாலோருக்கு அந்நோய் வருவதில்லை.

இனி அந்தப் பாட்டனாரின் கைப்பேசி. கதைகளில் வலிப்பு நோயாளி நல்லவனாகவோ கெட்டவனாகவோ இடம்பெறுகிறார். கணினி விளையாட்டுகளில் அவர் பாத்திரமாக வருவது அரிது. பெரும்பாலும் முகப்பில் ஓர் எச்சரிக்கையாகவே இருக்கிறார். அந்த எச்சரிக்கைக்குக் காரணமுண்டு. 1997 டிசம்பர் 16 அன்று ஜப்பானில் ஒளிபரப்பான ‘போக்கிமான்’ தொடரின் ஒரு பகுதியில், சிவப்பும் நீலமும் நொடிக்குப் பன்னிரண்டு முறை அளவில் மாறிமாறி மின்னின. ஏறத்தாழ 685 பேர், பெரும்பாலும் சிறுவர், மருத்துவமனைகளுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். எல்லோருக்கும் வந்தது வலிப்பன்று. தலைச்சுற்றல், வாந்தி, பார்வை மங்கல் எனப் பலவகை. தொடர் நான்கு மாதம் நிறுத்தப்பட்டது. (மின்னலைப் பாய்ச்சியது பிகாச்சு; ஆனால் தண்டனையாகத் திரையிலிருந்து மறைந்துபோனதோ அப்பகுதியில் அறிமுகமான போரிகான். கதையுலகிலும் பழி இடம்மாறி விழுகிறது.) 2020 டிசம்பரில் ‘சைபர்பங்க் 2077’ விளையாட்டில், கதைமாந்தர் தலையில் அணியும் ஒரு கருவியின் மினுக்கொளி, வலிப்பு நோயுள்ள ஒரு விமர்சகருக்கு வலிப்பை உண்டாக்கியது. அவர் வெளிப்படையாக எழுதியதும், நிறுவனம் அக்காட்சியை மாற்றியது.

ஆயினும் ஒளியால் தூண்டப்படும் வகை, வலிப்பு நோயுள்ளோரில் நூற்றுக்கு மூவர் அளவிலேயே காணப்படுகிறது. இளம்பருவத்தினரிடம் இது சற்று மிகுதி. உங்கள் பிள்ளை அம்மூவருள் ஒருவரா என்பதை அறிய வழியுண்டு. இஇஜி பரிசோதனையின்போது கண்ணெதிரே ஒரு விளக்கை வெவ்வேறு வேகத்தில் மினுக்கிக் காட்டுவது அதற்காகவே. அவ்வாறு இருப்பின், வெளிச்சமுள்ள அறையில், திரையிலிருந்து தள்ளி அமர்ந்து பார்க்கலாம். திடீரென மின்னல் தோன்றினால் ஒரு கண்ணை உள்ளங்கையால் முழுதும் மூடிக்கொள்ள வேண்டும். இமைகளை மட்டும் மூடுவது போதாது. அவ்வாறு இல்லையெனில், கைப்பேசியால் வரும் கேடு பெரும்பாலும் ஒளியிலன்று, இரவில் இருக்கிறது. இரண்டு மணிவரை விழித்து விளையாடும் பிள்ளைக்குத் தூக்கம் கெடுகிறது. காலை மாத்திரை தவறுகிறது. வலிப்பைத் தூண்டுவதில் இவ்விரண்டும் முன்னணியில் நிற்பவை.

விளையாட்டை முற்றிலும் பறித்துவிட்டால், வகுப்புத் தோழர்கள் கூடிப் பேசும் ஒன்றிலிருந்தும் பிள்ளை விலக்கப்படுகிறான். எனவே தடை விதிக்குமுன் இஇஜி அறிக்கையை எடுத்துப் பாருங்கள். ஒளித்தூண்டல் பற்றிய குறிப்பு அதில் இருக்கும். புரியாவிடில் அடுத்த வருகையின்போது அறிக்கையையும் பிள்ளையையும் உடன் அழைத்து வாருங்கள். எந்த விளையாட்டை, எத்தனை மணிவரை என்பதைப் பிள்ளையிடமே பேசி முடிவு செய்வோம்.